திரைக்குள் இருக்கும் ஊர்: வாசகர் கேள்வி – பதில்

இணைய விளையாட்டு உலகங்களைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பலர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்ததால் எல்லோருக்கும் ஊரை மட்டுமே போட்டிருக்கிறோம்.

என் மகனுக்கு 11 வயது. என் போனில் ரோப்லாக்ஸ் ஆடுவான். போன மாதம் சின்னச் சின்னத் தொகையாக 4,600 ரூபாய் போயிருக்கிறது. நான் பின் நம்பர் சொல்லவே இல்லை. எப்படிப் போனது? திரும்பக் கிடைக்குமா?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம்

பணம் எந்த வழியாகப் போனது என்று முதலில் பார்த்துவிடுங்கள். பிளே ஸ்டோரைத் திறந்து மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' வரும். அதற்குள் 'பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி'. எந்தத் தேதி, எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வாங்கலுக்கும் 'ஜிபிஏ' என்று தொடங்கும் ஆர்டர் எண் ஒன்று மெயிலில் வந்திருக்கும். அதையும் குறித்து வையுங்கள்.

நீங்கள் சொல்லாமலே பணம் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். கார்டு பதிந்திருந்தால் ஓடிபி அதே போனுக்குத்தான் வரும், பையன் கையில்தான் போன் இருக்கிறது. யுபிஐ என்றால், கடையில் நீங்கள் பின் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருப்பான். மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: போனைத் திறக்கப் பிள்ளையின் விரல் ரேகையையும் சேர்த்து வைத்திருப்பார்கள். பிளே ஸ்டோரில் கைரேகையால் வாங்கும் வசதி இயங்கினால் அந்தக் குட்டி விரலே கையெழுத்தாகிவிடும்.

வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் பிளே ஸ்டோரிலேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். காரணம் கேட்கும் இடத்தில், அனுமதியில்லாமல் குழந்தை வாங்கியது என்று உள்ளதைச் சொல்லுங்கள். 48 மணி நேரம் தாண்டியதை விளையாட்டு நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ஆர்டர் எண்ணோடு எழுதிக் கேட்க வேண்டும். அங்கே கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வாங்கிய ரோபக்ஸை (ரோப்லாக்ஸுக்குள் செல்லும் காசு) பையன் செலவு செய்துவிட்டால் வாய்ப்பு குறையும். எனவே இன்றிலிருந்து எதையும் வாங்காமல் அப்படியே விடச் சொல்லுங்கள்.

கோபத்தில் வங்கிக்குப் போய், யாரோ திருடிவிட்டார்கள் என்று எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். அது உண்மையில்லை என்பது ஒருபுறம். வங்கி பணத்தைப் பிடுங்கினால் விளையாட்டு நிறுவனம் அந்தக் கணக்கையே முடக்கிவிடலாம், பையன் இரண்டு வருடமாகச் சேர்த்தது எல்லாம் அதோடு போகும். உண்மையிலேயே முகம் தெரியாத ஆள் எடுத்திருந்தால் கதை வேறு. அப்போது 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன், வங்கிக்கு மூன்று வேலை நாளுக்குள் புகார், கூகுளுக்கு 120 நாளுக்குள் புகார்.

இனி அடைப்பு வேலை. யுபிஐ பின்னை மாற்றுங்கள். போன் செட்டிங்ஸில் பையனின் விரல் ரேகையை நீக்குங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். பையனுக்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி வழியாகத் தனிக் கணக்கு திறந்தால், அவன் 'வாங்கு' என்று அழுத்தும்போது உங்கள் அனுமதியைக் கேட்கும். ரோப்லாக்ஸிலும் பெற்றோர் கணக்கை இணைத்து மாதச் செலவுக்கு உச்சவரம்பு போடலாம்.

ஒன்றை உங்கள் மகனோடு உட்கார்ந்து செய்யுங்கள். அவன் வாங்கிய தொப்பி, இறக்கை எல்லாவற்றுக்கும் ரோபக்ஸ் விலையை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ரூபாயை எழுதச் சொல்லுங்கள். ரூபாயை ரோபக்ஸாக மாற்றிய கணத்தில் விலை கண்ணில் படாமல் போகிறது. 11 வயதில் அந்தக் கணக்கு மனதில் ஓடாது. தாளில் போட்டால் அவனே திகைப்பான்.

கடலூரில் ஆன்லைன் ரம்மிக்குத் தடை, முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியில் உட்கார்ந்து ஆடினால் தப்பில்லை என்கிறார் நண்பர். உண்மையா?
– ஆல்பேட்டை வாசகர்

இல்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டம் புதுச்சேரிக்குச் செல்லாது என்பது வரை உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் இரண்டு பக்கத்துக்கும் பொது. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டம் எதுவானாலும், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, அதை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெரிய ரம்மி செயலிகள் அந்த மாதமே பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. இப்போதும் லிங்க் அனுப்பி ஆடக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் வெளிநாட்டுத் தளம். ஜெயித்தாலும் பணம் வராது, யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது.

என் மகளுக்கு 13 வயது. மைன்கிராஃப்டில் மலேசியாவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணோடு இரண்டு வருடமாக விளையாடினாள். இருவரும் சேர்ந்து ஒரு வீடு, தோட்டம், கிணறு எல்லாம் கட்டியிருந்தார்கள். அந்தப் பெண் உடல்நிலை சரியில்லாமல் இறந்துவிட்டாள் என்று அவள் அக்கா செய்தி அனுப்பினார். என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. நேரில் பார்க்காத பெண்ணுக்கு இவ்வளவு அழுவது இயல்பா? அந்த வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறாள், திறக்கவில்லை.
– அரியாங்குப்பம் வாசகர்

இயல்புதான். இரண்டு வருடம் தினமும் பேசி, சேர்ந்து கிணறு வெட்டிய தோழியை இழந்திருக்கிறாள். அந்த வீட்டுக்குச் செங்கல் இல்லை என்பதற்காக, அதைக் கட்டிய மாலைப்பொழுதுகள் இல்லாமல் போகாது.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் இருந்தார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர், 2014-இல் 25 வயதில் இறந்தார். நாளெல்லாம் தனியாகக் கணினி முன் கழிக்கிறானே என்று பெற்றோர் வருந்தியிருந்தார்கள். அவர் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற கடவுச்சொல்லைக் கொண்டு அவருடைய வலைப்பதிவில் செய்தியைப் போட்டார்கள். முகம் தெரியாதவர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் 'இபெலின்' என்ற பெயரில் அவர் பலருக்கு நெருங்கிய நண்பராக, மனக்கஷ்டத்தில் தோள் கொடுத்தவராக இருந்தார் என்பது அப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. இறுதிச் சடங்குக்கு அயல்நாட்டிலிருந்து சிலர் வந்தார்கள். எனவே உங்கள் மகளிடம், 'பார்க்காத பொண்ணுக்கு ஏன்மா இப்படி அழறே' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எப்படிப்பட்ட பெண், என்ன பேசுவாள், எந்தச் சுவரை யார் கட்டியது என்று கேளுங்கள். சொல்லட்டும்.

வீடு திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. மைன்கிராஃப்ட் உலகம் அதைத் தொடங்கியவரின் போனில் இருக்கும். தோழி ஆன்லைனில் இருந்தபோது அவளுடைய உலகத்துக்குள் உங்கள் மகள் போய் வந்திருக்கிறாள். இப்போது அந்த போன் அணைந்திருக்கிறது. அழியவில்லை, ஆனால் அழியக்கூடும். அந்த போனை யாராவது ரீசெட் செய்தாலோ, விளையாட்டை நீக்கிவிட்டாலோ அந்த உலகம் போய்விடும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் கொஞ்சம் அவசரம் வேண்டும் என்கிறோம்.

அந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியட்டும். போனை ரீசெட் செய்ய வேண்டாம் என்று மட்டும் இப்போதே அக்காவிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள். பிறகு அவர் செய்ய வேண்டியது: மைன்கிராஃப்டைத் திறந்து 'பிளே' அழுத்தினால் உலகங்களின் பட்டியல் வரும். அந்த உலகத்தின் பக்கத்தில் உள்ள பென்சில் குறியைத் தொட்டு, பக்கத்தின் கீழ்வரை போனால் 'எக்ஸ்போர்ட் வேர்ல்டு' இருக்கும். கிடைக்கும் கோப்பின் வால்பெயர் 'எம்சிவேர்ல்டு' (.mcworld). அதை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் மகளின் போனில் அதைத் தொட்டால் மைன்கிராஃப்ட் தானாகத் திறந்து உள்ளே ஏற்றிக்கொள்ளும்.

தடங்கல் வந்தால் பார்க்க வேண்டியவை. வால்பெயர் 'ஜிப்' என்று மாறியிருந்தால் 'எம்சிவேர்ல்டு' என்று திருத்துங்கள், உள்ளே இருப்பது ஜிப் கோப்புதான். தோழியின் விளையாட்டு புதிய பதிப்பாகவும் உங்களுடையது பழையதாகவும் இருந்தால் திறக்காது, முதலில் அப்டேட் செய்யுங்கள். அவள் கணினியில் ஜாவா பதிப்பில் ஆடியிருந்தால் போனில் நேரடியாகத் திறக்காது. ஆனால் உங்கள் மகள் போனிலிருந்து சேர்ந்து ஆடியிருந்தால் அது பெரும்பாலும் போனிலும் ஓடும் பெட்ராக் பதிப்பாகத்தான் இருக்கும். மாதச் சந்தா கட்டும் 'ரியல்ம்ஸ்' உலகமாக இருந்தால் உரிமையாளர் கணக்கிலிருந்துதான் இறக்க முடியும். சந்தா நின்றபின் நிரந்தரமாக வைத்திருக்க மாட்டார்கள்.

உலகம் வந்தவுடன் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். முதல்முறை உள்ளே போகும்போது அவள் விரும்பினால் நீங்களும் பக்கத்தில் இருங்கள். சாப்பாடும் தூக்கமும் இரண்டு மூன்று வாரம் தாண்டியும் சீராகவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்துக்குப் போன் போடுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ரோப்லாக்ஸில் கேம் செய்து சம்பாதிக்கலாம் என்கிறார்கள். பாலிடெக்னிக் படிக்கிறேன். கணக்கு என்ன?
– லாஸ்பேட்டை மாணவர்

கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். உங்கள் கேமில் 100 ரோபக்ஸுக்கு ஒரு பாஸ் (கேமுக்குள் சிறப்பு வசதி தரும் சீட்டு) விற்கிறீர்கள். 30 ரோப்லாக்ஸுக்கு, 70 உங்களுக்கு. பணமாக மாற்றக் குறைந்தது 30,000 ரோபக்ஸ் ஈட்டியிருக்க வேண்டும். அதாவது 429 பேர் வாங்க வேண்டும். 2025 செப்டம்பரில் உயர்த்திய விகிதப்படி ஒரு ரோபக்ஸுக்கு 0.0038 டாலர். 30,000-க்கு 114 டாலர். அதே ரோபக்ஸை ஆடுபவர் வாங்கும்போது 80-க்கு சுமார் 1 டாலர் கொடுக்கிறார். ஆக, 100 ரோபக்ஸ் பாஸுக்கு அவர் செலவழிப்பது சுமார் 1.25 டாலர், உங்கள் கைக்கு வருவது 27 சென்ட். இதைத் தெரிந்துகொண்டு செய்தால் ஏமாற்றம் இருக்காது.

கருவி இலவசம். ரோப்லாக்ஸ் ஸ்டுடியோ கணினியில் மட்டும் ஓடும், போனில் ஓடாது. எழுதும் மொழி லுவாவின் கிளையான லுவாவு. முதல் மாதம் கேம் செய்யாதீர்கள். ஏற்கெனவே உள்ள டெம்ப்ளேட் ஒன்றைத் திறந்து, தரையில் ஒரு பொத்தானை மிதித்தால் கதவு திறக்கும்படி செய்யுங்கள். அடுத்து, இருவர் ஒரே நேரத்தில் மிதித்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் அதுதான்: ஆடுபவரின் போனில் ஓடும் நிரலையும் சர்வரில் ஓடும் நிரலையும் குழப்பிக்கொள்வார்கள். காசு, புள்ளிக் கணக்கை ஆடுபவர் பக்கம் வைத்தால் ஒரே நாளில் ஹேக் செய்துவிடுவார்கள். அதைச் சர்வர் பக்கம்தான் வைக்க வேண்டும்.

பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் வரிப் படிவம் கேட்பார்கள். கணக்கில் உள்ள பெயரும் பான் கார்டு பெயரும் ஒன்றாக இருக்கட்டும், முதலெழுத்து முன்பின் ஆனால்கூட நின்றுவிடும். வந்த தொகை உங்கள் வருமானம், ரிட்டர்னில் காட்ட வேண்டும். எங்கள் கருத்து: 114 டாலரைக் குறியாக வைக்காமல், சர்வர் வேலையை இலவசமாகக் கற்றுத்தரும் பட்டறையாக இதைப் பயன்படுத்துங்கள். அந்தத் திறமைக்கு வெளியில் வேலை இருக்கிறது.

துபாயிலிருந்து மச்சான் வி.ஆர். (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட் கொண்டு வருகிறார். வீடு கடற்கரையிலிருந்து நடக்கும் தூரம். ஹால் சின்னது. தலை சுற்றும் என்கிறார்களே?
– தேவனாம்பட்டினம் வாசகர்

சுற்றும், ஆனால் சமாளிக்கலாம். கண் 'நடக்கிறேன்' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'உட்கார்ந்திருக்கிறேன்' என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் போடாதீர்கள். நெற்றி வியர்த்தாலோ வாயில் எச்சில் ஊறினாலோ அந்தக் கணமே கழற்றுங்கள். தாங்கிக்கொண்டு ஆடினால் உடம்பு பழகும் என்று நினைப்பது தவறு, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் குமட்டும். செட்டிங்ஸில் நடப்பதற்குப் பதிலாக இடம் தாவும் முறையைத் தேர்ந்தெடுங்கள். எதிரில் ஒரு டேபிள் ஃபேன் வைத்தால் இரட்டை லாபம்: காற்று குமட்டலைக் குறைக்கும், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பதும் முகத்துக்குத் தெரியும். கழற்றியவுடன் வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போகாதீர்கள், அரை மணியாவது போகட்டும்.

கண்மணிகளின் இடைவெளி சரியில்லாவிட்டாலும் தலை வலிக்கும். பெரியவர்களுக்குச் சராசரி சுமார் 63 மில்லிமீட்டர். கண்ணாடி முன் நின்று புருவத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து, அதன்படி லென்ஸை நகர்த்துங்கள்.

நின்று ஆட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். அது இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்து ஆடும் முறை உண்டு. நம் வீடுகளில் பெரிய ஆபத்து தலைக்கு மேல்: சீலிங் ஃபேன். கையை உயர்த்திக் குதித்துப் பார்த்து, எட்டுகிறது என்றால் ஃபேனை நிறுத்திவிட்டு ஆடுங்கள்.

கடற்கரை வீடு என்பதால் இரண்டு எச்சரிக்கை. ஜன்னலோரம், மொட்டை மாடியில் வைக்கவே கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே உள்ள திரையைப் பொசுக்கிவிடும், சில நிமிடமே போதும். பொசுங்கிய புள்ளியைச் சரிசெய்ய வழியில்லை. உப்புக்காற்றுக்கு, மூடியுள்ள டப்பாவில் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், சானிடைசர் பட்டால் மேற்பூச்சு போய்விடும். வாரன்டி இங்கே செல்லுமா என்று துபாய்க் கடையிலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள்.

விளையாட்டில் நடப்பதை வைத்து நிஜ வாழ்க்கையைப் பற்றி எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா?
– பிளஸ் டூ மாணவி, வில்லியனூர்

தொற்றுநோய் ஆய்வாளர்களே கற்றிருக்கிறார்கள். 2005 செப்டம்பர் 13 அன்று வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஹக்கார் என்ற புது அரக்கன் வந்தான். அவனோடு சண்டையிடுபவர்களுக்கு 'கெட்ட ரத்தம்' என்ற நோய் தொற்றும். பக்கத்தில் நிற்பவருக்கும் பரவும். அவன் இருந்த இடத்துக்குள்ளேயே முடிய வேண்டிய நோய், வளர்ப்பு விலங்குகள் வழியாகப் பெருநகரங்களுக்குப் போய்விட்டது. விலங்கை அழைத்தபோது அது நோயோடு வந்து நின்றது. புதிதாகச் சேர்ந்தவர்கள் நொடிகளில் விழுந்தார்கள். நகரத்தில் நிற்கும் கடைக்காரப் பாத்திரங்கள் சாகாமல் நோயைக் கடத்திக்கொண்டே இருந்தன. குணப்படுத்தும் சக்தி உள்ளவர்கள் சிலர் ஓடிவந்து வைத்தியம் பார்த்தார்கள். சிலர் தப்பி ஓடினார்கள். சிலர் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் புகுந்து பரப்பினார்கள். தனிமைப்படுத்தும் முயற்சி தோற்று, கடைசியில் நிறுவனம் சர்வரைத் திருத்தித்தான் நிறுத்தியது.

எரிக் லாஃப்கிரன், நீனா ஃபெஃபர்மன் இருவரும் 2007-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். கணித மாதிரிகளில் மனிதர்கள் சொன்னபடி நகரும் புள்ளிகள். இங்கே அச்சமும் ஆர்வமும் கருணையும் உள்ள மனிதர்கள் எப்படி ஓடுகிறார்கள் என்பது தெரிந்தது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர் மாவட்டத்தில் கொரோனா பரவியதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நோயைப் பரப்ப யாரும் நினைக்கவில்லை, சொந்த ஊர் போய்ச் சேரவே நினைத்தார்கள். விளையாட்டில் செத்தவர் மறு நிமிடம் எழுந்துவிடுவார் என்பதால் துணிச்சல் கூடுதலாகத்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும்.

மகன் பதினொன்றாம் வகுப்பு. பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடும்போது போனைப் பிடுங்கினால் கதவை உதைக்கிறான். இது நோயா?
– செம்மண்டலம் பெற்றோர்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. ஆனால் மணிக்கணக்கை வைத்து அதைச் சொல்வதில்லை. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே முதலாக நிற்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது என மூன்றும் சேர்ந்து, படிப்பையும் உறவையும் பாதித்து, பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான். மூன்றுக்கும் 'ஆம்' என்றால் ஜிப்மர் மனநலத் துறைக்கு அழைத்துச் செல்லுங்கள், தயங்க ஒன்றுமில்லை.

கதவை உதைப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். அந்த விளையாட்டில் எராங்கல் என்ற வரைபடத்தில் ஒரு ஆட்டம் அரை மணி நேரம் வரை போகும். நான்கு பேர் ஒரு அணி. நடுவில் பிடுங்கினால், காத்திருக்கும் மற்ற மூன்று பையன்களையும் அவன் கைவிட்டதாக ஆகிறது. கபடியில் ரெய்டு போனவனைப் பாதியில் கையைப் பிடித்து இழுத்தால் என்ன கோபம் வருமோ அதேதான். எனவே 'ஒன்பதரைக்கு நிறுத்து' என்று சொல்லாதீர்கள். 'ஒன்பதுக்குப் பிறகு புது ஆட்டம் தொடங்காதே' என்று பேசி முடிவு செய்யுங்கள். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு குரல் கொடுங்கள். ஓடுகிற ஆட்டம் ஒன்பதரைக்குள் தானாக முடியும்.

18 வயதுக்குக் கீழ் இருந்தால் அந்த விளையாட்டே நாளுக்கு மூன்று மணி நேரத்தில் நிறுத்தும். உங்கள் வீட்டில் நிறுத்தவில்லை என்றால், பெரியவர் யாருடைய வயதையோ கொடுத்துக் கணக்குத் திறந்திருக்கிறான். இன்று இரவு அதைப் பாருங்கள். கணக்கை அழிக்க வேண்டாம், சரியான வயதில் புதுக் கணக்கு தொடங்க ஒரு வாரம் தவணை கொடுங்கள். போன் இரவில் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் சேர்த்து.